ஆபீஸ் ரூம் ஜன்னல்

பிளஸ் டூ ரிசல்ட் வரும் காலையில் பள்ளிக்கூடங்களில் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அதிக மார்க் எடுத்த பெண்ணுக்கு ஹெச்.எம். லட்டு ஊட்டுவார். அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் அப்பா, பின்னால் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டும் ஒரு கும்பல். மறுநாள் பேப்பரில் அதே போட்டோ. 2017 மே மாதம் மாநில ரேங்க் பட்டியல் வெளியிடுவதை அரசு நிறுத்திய பிறகு டிவி கேமராக்கள் கொஞ்சம் குறைந்தன. லட்டு குறையவில்லை :-)

அந்த போட்டோ எடுக்கும் நேரத்தில் பள்ளி ஆபீஸ் ரூமுக்குள் ஒருவர், பிரிண்டரில் சிக்கிக்கொண்ட பேப்பரைக் கிழியாமல் மெதுவாக இழுத்துக்கொண்டிருப்பார். அரசுக் கணக்கில் அவர் 'இளநிலை உதவியாளர்'. பசங்களுக்கு 'ஆபீஸ் சார்' அல்லது 'ஆபீஸ் மிஸ்'. ஒரு செட் பிளஸ் டூ பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து ஒழுங்காக வெளியே அனுப்பி வைக்கிற வேலையில் பாதிக்கு மேல் இவர் தலையில்தான். மீதியை ஹெச்.எம்., லேப் அட்டெண்டர், மணி அடிப்பவர், வாட்ச்மேன், தண்ணீர் கொண்டுவரும் ஆயாம்மா என்று ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

பாடம் நடத்திய ஆசிரியர்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். டியூஷன் மாஸ்டர்களுக்கு லஸ் முனையிலும் தி.நகரிலும் சுவர் சுவராக போஸ்டர் இருக்கிறது. இது மற்றவர்களைப் பற்றி.

பிளஸ் டூ என்ற ஏற்பாடே தமிழ்நாட்டில் 1978இல் வந்ததுதான். அதற்கு முன் பதினோராம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி. முடிந்துவிடும், அப்புறம் கல்லூரியில் ஒரு வருஷம் பி.யு.சி. முதல் பிளஸ் டூ செட் 1980 மார்ச்சில் பரீட்சை எழுதியது. டாக்டரா, இன்ஜினியரா, பி.காமா என்று வீட்டில் நடக்கும் சண்டை முழுசாகப் பள்ளிக்கூடத்து ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து சேர்ந்ததும் அப்போதிலிருந்துதான். மயிலாப்பூரின் பழைய அரசு உதவி பெறும் பள்ளிகள் சிலவற்றில் அந்த ஜன்னல் இன்னும் அதே ஜன்னல். கம்பிக்கு நடுவில் கை நுழைகிற அளவு ஒரு ஓட்டை, அதன் கீழே தேய்ந்துபோன ஒரு மரப்பலகை.

வருஷத்தின் முதல் கண்டம் நாமினல் ரோல். பரீட்சை எழுதப் போகும் அத்தனை பேருடைய பெயர், இனிஷியல், பிறந்த தேதி, அப்பா அம்மா பெயர், குரூப், மொழி, போட்டோ எல்லாம் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போக வேண்டிய பட்டியல். ஒரு காலத்தில் கையால் எழுதினார்கள், பிறகு சிடியில் போட்டுக் கொடுத்தார்கள், இப்போது ஆன்லைன். இயக்ககம் இருப்பது நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், எல்லாரும் டி.பி.ஐ. என்று சொல்லும் வளாகத்தில். 2022இல் அதற்குப் பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம் என்று பெயர் வைத்தாயிற்று. ஆட்டோக்காரரிடம் இன்னும் டி.பி.ஐ. என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்தப் பட்டியலில் ஒரு எழுத்து தப்பினால் ஹால் டிக்கெட்டில் தப்பும். ஹால் டிக்கெட்டில் தப்பினால் மார்க் ஷீட்டில் தப்பும். மார்க் ஷீட்டில் தப்பினால்... அதற்கப்புறம் பாஸ்போர்ட், வேலை, விசா, கல்யாணப் பதிவு என்று அந்தப் பிள்ளை ஆயுசு முழுக்க அதே எழுத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். அதனால் ஆபீஸ் சார் ஒவ்வொருவரையும் ஜன்னலுக்குக் கூப்பிடுவார்.

"இந்தா, உன் பேரை நீயே படி. ஸ்பெல்லிங் சொல்லிப் படி."

"சார், கரெக்டா இருக்கு சார்."

"நீ பார்க்கவே இல்லையேடா. பத்தாவது மார்க் ஷீட்ல 'டி'க்கு அப்புறம் 'ஹெச்' இருக்கு. இதுல இல்ல. எது உன் பேரு?"

"ரெண்டும்தான் சார்."

தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவதற்கு விதி என்று ஒன்று கிடையாது. ஒரே பெயர் பர்த் சர்டிபிகேட்டில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, ஆதாரில் மூன்றாவது மாதிரி இருக்கும். இதில் இனிஷியல் வேறு. அப்பா பெயரா, ஊர் பெயரும் சேர்த்தா, முன்னாலா பின்னாலா, புள்ளி வைப்பதா வேண்டாமா. வடக்கே இருப்பவர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இருப்பதால் இந்தக் கஷ்டம் புரியாது. நியூமராலஜி பார்த்து நடுவில் ஒரு 'ஏ' சேர்த்துக்கொண்டு வரும் அப்பாக்களும் உண்டு. பத்தாவது மார்க் ஷீட்டில் இருப்பதுதான் வரும், கெஜட்டில் மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று ஆபீஸ் சார் சொன்னால், வீட்டில் போய் அவரைத் திட்டுவார்கள்.

இந்தத் தலைமுறை பார்க்காத ஒரு வேடிக்கை, மச்சம். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்திலும் டி.சி.யிலும் அங்க அடையாளங்கள் இரண்டு எழுத வேண்டும். வகுப்பு முழுக்க வரிசையில் நிற்க, ஒவ்வொருவனும் சட்டைக் கையைச் சுருட்டி, கழுத்தைத் திருப்பி, தன் உடம்பில் எங்கே மச்சம் என்று தேடுவான். "வலது முழங்கையில் ஒரு மச்சம், இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு." ஒரு மச்சம்கூட இல்லாதவன் பக்கத்து பெஞ்ச்காரனிடம் இருப்பதைப் பார்த்துப் பொறாமைப்படுவான். போட்டோ அச்சடித்த மார்க் ஷீட் வந்த பிறகு மச்சத்துக்கு மதிப்பு போய்விட்டது.

பிப்ரவரி என்றால் பிராக்டிகல். அப்போது ஆய்வக உதவியாளரின் ராஜ்ஜியம். வேறு பள்ளியிலிருந்து எக்ஸ்டர்னல் வருகிறார் என்றதும் கெமிஸ்ட்ரி மாஸ்டருக்கே கொஞ்சம் வியர்க்கும். ஆனால் லேப் அட்டெண்டர் எந்தப் பிப்பெட்டில் ஓரம் உடைந்திருக்கிறது, எந்த ஸ்பெக்ட்ரோமீட்டரின் திருகு பிடிக்காது, எந்த மேஜையில் காஸ் பர்னர் சீறும் என்று எல்லாம் தெரிந்து, காலை ஏழு மணிக்கே வந்து எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்திருப்பார். கை நடுங்கிக்கொண்டு நிற்கும் பையனிடம், "மொதல்ல தண்ணி குடி. பியூரெட்டை அப்புறம் தொடு" என்பார். அவர் கண் ஜாடையில் உப்பின் பெயரைச் சொல்லிவிடுவார் என்று ஒரு புராணம் எல்லாப் பள்ளியிலும் உலவும். பெரும்பாலும் அது ஆசைதான். அவர் சொல்வது "அவசரப்படாதே, இன்னொரு வாட்டி மோந்து பாரு" என்பது. அதுவே பாதி விடை என்பது வேறு விஷயம் :-)

பல பள்ளிகளில் இந்த இடங்கள் எல்லாம் ஆள் ரிட்டயர் ஆன பிறகு காலியாகவே கிடக்கின்றன. கிளார்க் இல்லாத பள்ளியில் அந்த வேலை கணக்கு மாஸ்டர் தலையில் விழும். அட்டெண்டர் இல்லாத லேபில் ஆசிரியையே டெஸ்ட் ட்யூப் கழுவுவார். இது யாருக்கும் பெரிய செய்தியாகத் தெரிவதில்லை. 'ஆசிரியர் பற்றாக்குறை' என்றால் தலைப்புச் செய்தி. 'பதிவறை எழுத்தர் பற்றாக்குறை' என்று எந்தப் பேப்பராவது தலைப்பு போட்டிருக்கிறதா?

ஹெச்.எம். பக்கம் வருவோம். பிரேயரில் மைக் பிடிப்பது, கரஸ்பாண்டென்டிடம் திட்டு வாங்குவது, பெற்றோரிடம் பேசுவது என்று அவர் வேலை பெரிய பட்டியல். ஆனால் பிளஸ் டூ விஷயத்தில் ஒரு நல்ல ஹெச்.எம்.மை அடையாளம் காண ஒரே ஒரு இடம் பார்த்தால் போதும். அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரில் 'ஏ' தொடர்ச்சியாக விழும் வரிசை. தீபாவளிக்கு முன் தி.நகரில் ரங்கநாதன் தெருவும் உஸ்மான் ரோடும் திணறும் வாரங்களில், பன்னிரண்டாம் வகுப்பில் சில பையன்கள் காணாமல் போவார்கள். கடையில் தினக்கூலி. மயிலாப்பூரில் கல்யாண சீசன் என்றால் பந்தி பரிமாறப் போய்விடுவார்கள். கடற்கரைக் குப்பங்களில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் மகன் படகில் போவான். பெண்களுக்கு வேறு மாதிரி... மாமா பையன், நிச்சயதார்த்தம், 'பரீட்சை எல்லாம் எதுக்கு'.

சில ஹெச்.எம்.கள் 'லாங் ஆப்சென்ட்' என்று எழுதிவிட்டுப் பெயரை நீக்கிவிடுவார்கள். பாஸ் பர்சன்டேஜுக்கும் அது நல்லது. வேறு சிலர் போன் போடுவார்கள். போன் எடுக்காவிட்டால் பி.டி. மாஸ்டரை பைக்கில் அனுப்புவார்கள். (பசங்களின் வீடு எங்கே என்று பி.டி. மாஸ்டருக்குத்தான் தெரியும்.) அதற்கும் வராவிட்டால் ஹெச்.எம்.மே ஒரு சாயங்காலம் அந்த வீட்டு வாசலில் போய் நிற்பார். "ஹால் டிக்கெட் வந்திருக்கும்மா. மூணு மணி நேரம், ஆறு நாள். அவ்வளவுதானே. அனுப்பி வையுங்க. மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்."

அந்த நடையைச் சென்னையில் ரொம்ப முன்னாலேயே நடந்தவர் ஒருவர் இருக்கிறார். மயிலாப்பூரில் 1886இல் பிறந்த ஆர்.எஸ். சுப்பலட்சுமி. சிஸ்டர் சுப்பலட்சுமி என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். சின்ன வயதிலேயே கல்யாணம், பதினோரு வயதுக்குள் விதவை. அப்பா தைரியமாகப் படிக்க வைத்தார். எழும்பூர் பிரசன்டேஷன் கான்வென்ட், பிறகு பிரசிடென்சி கல்லூரி. 1911இல் பி.ஏ. மெட்ராஸ் மாகாணத்தில் பட்டம் வாங்கிய முதல் இந்து விதவை அவர். தான் பாஸ் செய்தாயிற்று என்று அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. 1912இல் எழும்பூரில் நாலு விதவைச் சிறுமிகளை வைத்துக்கொண்டு ஒரு இல்லம் ஆரம்பித்தார். அதுதான் சாரதா இல்லம். பிறகு அது திருவல்லிக்கேணி கடற்கரையில் ஐஸ் ஹவுஸுக்கு, அதாவது இன்றைய விவேகானந்தர் இல்லத்துக்கு, இடம் மாறியது.

அந்தப் பெண்களைப் படிக்க வைத்து, பரீட்சை எழுத வைத்து, ஆசிரியைகளாக்கி, சொந்தச் சம்பளத்தில் நிற்க வைப்பதுதான் திட்டம். அரசின் பெண் பள்ளி ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்ற ஐரிஷ் அம்மையார் கூட நின்றார். பாடம் சொல்லித் தருவது இதில் ஒரு பகுதி மட்டும்தான். பணம், இடம், அரசு அனுமதி, சாப்பாடு, அழுது கொண்டு வரும் அம்மாக்கள், திட்டிக்கொண்டு வரும் மாமாக்கள் என்று ஒரு விடுதிக் கண்காணிப்பாளருக்குரிய எல்லா வேலையும் அவர் செய்ய வேண்டியிருந்தது. 1922இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி வந்தது, 1927இல் சாரதா வித்யாலயா வந்தது. பின்னாளில் அது ராமகிருஷ்ணா மிஷனிடம் போய், தி.நகரில் இன்றும் நடக்கிறது. மயிலாப்பூர் லேடீஸ் கிளப் 1956இல் வித்யா மந்திர் பள்ளியை ஆரம்பித்தபோதும் பின்னால் அவர் இருந்தார். 1969 டிசம்பரில் இறக்கும்வரை ஓயவில்லை.

ஆரம்ப காலத்தில் அந்த இல்லம் பிராமண விதவைகளுக்கு மட்டும் என்று இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. அந்தக் கால மெட்ராஸில் அவர் எங்கே நின்றுகொண்டு வேலை செய்தார் என்பதை அது காட்டுகிறது, அவ்வளவே. அவர் கதையில் முக்கியமானது வேறு. நாலு பெண்களை வைத்து ஆரம்பித்தவருக்கு 'பாஸ் பர்சன்டேஜ்' என்ற வார்த்தைக்கு அர்த்தமே இருந்திருக்காது. நாலு பேரும் வேண்டும். ஒருத்தியை 'லாங் ஆப்சென்ட்' என்று எழுதினால் அவள் மறுபடி அந்த இருட்டு அறைக்குத்தான் போவாள். இன்று நூற்றுக்கு நூறு காட்டுவதற்காக, தேறாது என்று தோன்றும் பையனைப் பிளஸ் ஒன்னிலேயே டி.சி. கொடுத்து அனுப்பும் பள்ளிகளுக்கும் நிர்வாகம் இருக்கிறது, சுத்தமாக மடித்த ஃபைல்கள் இருக்கின்றன. அந்தப் பையன் அடுத்து எங்கே போவான் என்ற கேள்விக்கு மட்டும் எந்த ஃபைலிலும் இடம் இல்லை.

மார்ச் மாதத்துக்கு வருவோம். பரீட்சை அன்று ஹெச்.எம். சொந்தப் பள்ளியில் இருக்க மாட்டார். முதன்மைக் கண்காணிப்பாளராக வேறு பள்ளிக்குப் போயிருப்பார். தன் பிள்ளைகளை வேறு யாரோ பார்த்துக்கொள்ள, அவர் வேறு யாருடைய பிள்ளைகளையோ பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் ஆபீஸ் சாரும் மணி அடிப்பவரும் ஆயாம்மாவும் அங்கேயேதான். முகம் தெரிந்தவர்கள் என்று பசங்களுக்கு அன்று மிச்சம் இருப்பது அவர்கள்தான்.

அதற்கு முந்தைய நாட்களில் ஒரு தையல் வேலை வேறு நடந்திருக்கும், நிஜமாகவே தையல். மாணவரின் போட்டோவும் பார்கோடும் அச்சடித்த முகப்புத் தாளை, ஒவ்வொரு விடைத்தாளோடும் வைத்துத் தைக்க வேண்டும். ஆள் எண்ணிக்கை, பாட எண்ணிக்கை எல்லாம் பெருக்கினால் ஆயிரக்கணக்கில் வரும். பள்ளி வராந்தாவில் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டால் பரீட்சை வந்துவிட்டது என்று அர்த்தம்.

பத்து மணிக்கு முதல் மணி. பத்து நிமிஷம் கேள்வித்தாள் படிக்க. அடுத்த ஐந்து நிமிஷம் விவரங்கள் சரிபார்க்க. பத்தே காலுக்கு எழுத ஆரம்பிக்கும் மணி. இந்த மணியை ஒரு நிமிஷம் முன்னே பின்னே அடிக்க முடியாது. வாட்ச்சைப் பார்த்தபடி, கையில் சுத்தியலோடு, தண்டவாளத் துண்டின் பக்கத்தில் நிற்கும் அலுவலக உதவியாளரின் முகம் அன்று சுப்ரீம் கோர்ட் நீதிபதி மாதிரி இருக்கும்.

மயிலாப்பூருக்கு என்று ஒரு தனிப் பிரச்சினை உண்டு. கபாலீஸ்வரர் கோயில் பங்குனிப் பெருவிழா சில வருஷம் பரீட்சையோடு வந்து விழும். ஏழாம் நாள் காலையில் தேர். எட்டாம் நாள் அறுபத்து மூவர். மாட வீதிகள் நாலும் அடைத்துக்கொள்ளும், பஸ்ஸெல்லாம் வேறு வழியில் திரும்பும். அடையாறிலிருந்து 29சி பிடித்து வரும் பெண் லஸ்ஸுக்கு முன்னாலேயே இறங்கி, கூட்டத்துக்குள் ஹால் டிக்கெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி வருவாள். அவள் வருகிறாளா என்று கேட் திறந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பது வாட்ச்மேன் வேலை. 'பத்தரைக்கு மேல் சேர்க்க முடியாது' என்று சட்டம் பேசுகிற வாட்ச்மேனும் இருப்பார். ஒன்பதே முக்காலுக்கே தெருமுனை வரை நடந்து போய், யூனிஃபார்ம் தெரிந்தால் "ஓடு ஓடு, இன்னும் டைம் இருக்கு" என்று கத்துகிறவரும் இருப்பார்.

இதெல்லாம் வழக்கமான வருஷங்களின் கதை. ஆபீஸ் ரூம் என்றால் என்ன என்று ஊருக்கே தெரிந்தது மூன்று அசாதாரண வருஷங்களில்.

2015 டிசம்பர் வெள்ளம். அடையாறு கரை தாண்டி வந்தது. கோட்டூர்புரம், சைதாப்பேட்டை வீடுகளில் புத்தகம், நோட்டு, ரெக்கார்டு, பத்தாவது மார்க் ஷீட், ஜாதிச் சான்றிதழ் எல்லாம் சேறு. அரையாண்டுத் தேர்வே ஜனவரி 2016க்குத் தள்ளிப்போனது. தொலைந்த சான்றிதழ்களுக்கு அரசு சிறப்பு முகாம்கள் போட்டது. ஆனால் தொலைந்ததில் என்ன இருந்தது என்று சொல்ல ஒரு ஆதாரம் வேண்டுமே? நம்பர் என்ன, வருஷம் என்ன, பெயர் எப்படி எழுதியிருந்தது? பிளஸ் ஒன்னில் சேரும்போது வாங்கி வைத்த ஜெராக்ஸ் பள்ளி பீரோவில் இருந்தது. அட்மிஷன் சமயத்தில் "ரெண்டு செட் ஜெராக்ஸ் வேணும், அட்டெஸ்ட் பண்ணி வேணும்" என்று ஆபீஸ் மிஸ் கெடுபிடி செய்தபோது முணுமுணுத்தவர்கள் எல்லாம் அந்த பீரோ திறக்கும் சத்தத்துக்காகக் காத்து நின்றார்கள்.

2020 மார்ச். 2ஆம் தேதி ஆரம்பித்த பிளஸ் டூ தேர்வின் கடைசி நாள் 24ஆம் தேதி. அன்று மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாடு முழுக்கத் தடை உத்தரவு. பஸ் இல்லாமல், பயத்தில், ஆயிரக்கணக்கான பேர் அந்தக் கடைசிப் பரீட்சைக்கு வரவில்லை. அவர்களுக்கு ஜூலை 27இல் மறுதேர்வு நடந்தது. ஒவ்வொரு பள்ளியிலும் யார் வரவில்லை, அவர்கள் இப்போது எந்த ஊரில் இருக்கிறார்கள், போன் நம்பர் வேலை செய்கிறதா என்று தேடியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

2021தான் உச்சம். ஜூன் 5ஆம் தேதி பிளஸ் டூ பரீட்சையே ரத்து. மார்க் எப்படிப் போடுவது? பத்தாம் வகுப்பில் அதிகம் எடுத்த மூன்று பாடங்களின் சராசரியிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன் தேர்விலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று கணக்கு. ஜூலை 19இல் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ரிசல்ட் வந்தது. பரீட்சை எழுதாமல் பாஸ் என்று ஊரெல்லாம் மீம்ஸ். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்... அந்த மார்க் முழுக்க எங்கிருந்து வந்தது? ரெக்கார்டுகளிலிருந்து. லேபில் அட்டெண்டர் எடுத்துவைத்துச் செய்ய வைத்த பிராக்டிகல், வகுப்பாசிரியர் குறித்த அகமதிப்பீடு, ஆபீஸில் சரியாக ஏற்றிய பதிவெண். அந்த ஒரு வருஷம் விடைத்தாள் திருத்தும் மையங்கள் பூட்டிக் கிடந்தன. ஆபீஸ் ரூம் பூட்டவில்லை. மாஸ்க் போட்டுக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்பில் வட்டம் போட்டு, உள்ளே ஒரே ஆள் கீபோர்டில் எண்களைத் தட்டிக்கொண்டிருந்தார்.

இதற்கு நடுவில் 2018 மார்ச்சிலிருந்து பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு என்று வந்து, நாமினல் ரோல் முதல் தையல் மெஷின் வரை எல்லா வேலையும் இரண்டானது. 2025இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கை அதை எடுத்துவிட்டது. ஆபீஸ் ரூம்களில் யாராவது லட்டு கொடுத்திருந்தால் அது அன்றைக்காகத்தான் இருக்கும்.

ரிசல்ட்டுக்குப் பிறகு ஜன்னலில் கூட்டம் வேறு மாதிரி. இன்ஜினியரிங் கவுன்சலிங் 2018இலிருந்து ஆன்லைன். அதற்கு முன் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் பிளாஸ்டிக் ஃபைலோடு குடும்பமே போய் உட்காரும். நுழைவுத் தேர்வு 2007இலேயே போய்விட்டதால் பிளஸ் டூ மார்க்தான் கட் ஆஃப். வீட்டில் முதல் தலைமுறையாகப் படிப்பவர்களுக்கு, 'முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கு, தாலுகா ஆபீஸில் கிடைக்கும், இப்பவே அப்ளை பண்ணு' என்று சொல்வது யார்? படித்த அண்ணன் அக்கா இருக்கிற வீட்டில் இதெல்லாம் தானாகத் தெரியும். மற்றவர்களுக்கு ஜன்னல் சொன்னால்தான் தெரியும். ஜன்னல் எரிச்சலில் இருந்தால் தெரியாமலே போகும்.

இப்போது அதன் எடை இன்னும் கூடிவிட்டது. 2020இல் வந்த சட்டப்படி மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. நீட் எழுதித் தேறியவர், ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தார் என்று பள்ளிகள் சான்று தர வேண்டும். 2022 செப்டம்பரில் வந்த புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய்க்கும் இதே மாதிரி ஆறிலிருந்து பன்னிரண்டு கணக்குதான். ஏழாம் வகுப்பில் மட்டும் ஏதோ ஆசையில் ஒரு வருஷம் மெட்ரிக் பள்ளியில் போட்டு எடுத்திருப்பார் அப்பா. அந்த ஒரு வரி பழைய டி.சி.யில் இருக்கும். ஆபீஸ் சார் அதைப் பார்ப்பார். அவர் கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது, அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கவும் முடியாது. மயிலாப்பூர், தி.நகர் பக்கம் இன்னொரு சிக்கல். இங்கே பழைய பள்ளிகளில் பல அரசு உதவி பெறுபவை. வரும் பிள்ளைகள் அதே வீட்டு வேலை செய்யும் அம்மாவின், அதே ஆட்டோ ஓட்டும் அப்பாவின் பிள்ளைகள். ஆனால் 7.5 சதவீதம் அரசுப் பள்ளிக்கு மட்டும். பக்கத்துத் தெரு மாநகராட்சிப் பள்ளியில் சேர்த்திருந்தால் கிடைத்திருக்கும் என்று பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகு ஜன்னலில் வைத்துச் சொல்வதில் யாருக்கு என்ன பிரயோஜனம்? இதை ஆறாம் வகுப்பு அட்மிஷன் போடும் அன்றே சொல்லும் பள்ளி ஆபீஸ் ஒன்று இருந்தால், அவர்கள் சொந்தப் பள்ளிக்கு ஒரு அட்மிஷன் குறையும். அப்படியும் சொல்கிறவரை நல்லவர் என்று சொல்லலாம்.

டி.சி. வாங்கும் நாள் கடைசி. இப்போது எமிஸ் தளத்திலிருந்து பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். நடத்தை என்ற இடத்தில் 'நன்று'. மூன்று வருஷம் வாட்ச்மேனை ஏமாற்றிச் சுவர் ஏறிக் குதித்தவனுக்கும் 'நன்று'தான். ஹெச்.எம். பச்சை மையில் கையெழுத்துப் போடுவார். சில ஹெச்.எம்.கள் தலை நிமிராமல் போடுவார்கள். சிலர் ஒவ்வொன்றுக்கும் நிமிர்ந்து, "எந்தக் காலேஜ்? என்ன குரூப்?" என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவை வைப்பார்கள். 'இன்னும் எங்கேயும் போடலை சார்' என்று ஒருவன் சொன்னால் அந்த டி.சி. மட்டும் மேஜையில் தனியாக வைக்கப்படும். "வெளிய உட்காரு. போகாதே."

அதே வாரம் ஜன்னலுக்கு வெளியே பிளஸ் ஒன் அட்மிஷன் க்யூ ஆரம்பித்திருக்கும். அந்த க்யூவுக்குப் பக்கத்தில், அதில் சேராமல், நரைத்த தலையோடு ஒருவர் தயங்கிக்கொண்டு நிற்பார். எண்பதுகளில் இங்கே படித்தவர். டி.சி. எங்கேயோ தொலைந்துவிட்டது, இப்போது பிறந்த தேதிக்கு ஆதாரம் கேட்கிறார்கள். ஆபீஸ் மிஸ் அவரிடம் வருஷத்தை மட்டும் கேட்டுக்கொண்டு உள்ளே போவார். பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து, சிவப்புத் துணியால் பைண்ட் செய்த அட்மிஷன் ரிஜிஸ்டர் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து வந்து, விரலால் ஒவ்வொரு வரியாக இறங்குவார்.

"அப்பா பேரு சொல்லுங்க சார்... ஆமா, இருக்கு. வலது முழங்கையில ஒரு மச்சம். காட்டுங்க பார்ப்போம்."